ஐந்தாம் பகுதியின் குடை

ஞாயிறு, மார்ச் 3

மேற்பார்வையாளர் அம்மாவுக்கு,

நீ போட்ட சட்டங்களை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன். அவசரம் என்றால் தவிர போன் கிடையாது, ஏனென்றால் போனில் நான் "ம்" கொட்டிக்கொண்டே வேறு எதையோ பார்க்கிறேன். (நீ மட்டும் என்னவாம்? அந்தப் பக்கமிருந்து யாரோ பாடுவது எனக்குக் கேட்காது என்று நினைப்பா?) மாதத்தின் முதல் சனிக்கிழமை நீ அங்கே ஆஸ்பத்திரி விடுதியிலும் நான் இங்கே வீட்டிலும் அந்த ரயில் நிலையத் தொடரில் ஒரே ஒரு பகுதி பார்க்க வேண்டும். மறுநாள் அதைப் பற்றித் தாளில் எழுதித் திங்கட்கிழமை தபாலில் போட வேண்டும். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதக்கூடாது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இத்தனை கெடுபிடியா? பரீட்சை ஹாலில்கூட இருக்காது.

ஆக, ஐந்தாம் பகுதி. பார்த்தேன். நன்றாக இருந்தது. தொலைந்த பொருள்களைப் பார்த்துக்கொள்கிற அந்த ஆள், வாராவாரம் வந்து குடையைக் கேட்கிற அந்தப் பெண்ணிடம் கடைசியில் மழை கொட்டும்போது குடையைக் கொடுக்கிறானே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டு அழுவது மனதைத் தொட்டது. நடிப்பும் இயல்பு.

லேபில் இந்த வாரம் ஒரு பெரியவருக்கு மூன்றாவது முறையாகப் பல் செட் திருத்தினேன். எதைக் கடித்தாலும் இடிக்கிறதாம். "எங்க இடிக்குது?" என்று கேட்டால், "எல்லா இடத்துலயும்"ங்கிறார். சிலரை ஒன்றும் செய்ய முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பல்லுக்காரன்


ஞாயிறு, மார்ச் 3

பல்லுக்காரருக்கு,

நேற்று ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் ஐந்தாம் பகுதியைப் பார்த்துவிட்டேன். மழையில் அவன் குடையைக் கொடுக்கிறான், அவள் விரித்துப் பார்த்து அழுகிறாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு எப்படி இருந்ததோ, உங்கள் கடிதம் வந்தால்தான் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பதற்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சுற்றிவளைக்காமல் எழுதுங்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஐந்தாம் பகுதியைத் தேடும்போது கை தவறி உங்கள் பக்கத்துக்குள் போய்விட்டேன். தொடர் பார்க்கிற கணக்கு ஒன்றுதானே, "அவர்", "அவள்" என்று இரண்டு படம். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஐந்தாம் பகுதி பார்த்தாயிற்று என்று டிக் விழுந்திருந்தது. சரி. ஆறு, ஏழு, எட்டுக்கும் டிக் இருக்கிறதே, அது எப்படி? அதுவும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நீங்கள் லேபில் மெழுகு உருக்கிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் யார்?

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் நம் சாவி இருக்கிறது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்


மார்ச் 12

அம்மா தாயே,

தையல்காரம்மாவுக்கு அறுபத்தேழு வயது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவதற்குள் தொடரே முடிந்துவிடும். சாவி மோட்டாரை நிறுத்துவதற்காக, அதுவும் நீயே கொடுத்துவிட்டுப் போனது. என்ன பேச்சு பேசுகிறாய்?

செவ்வாய்க்கிழமை நான்தான் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஆர்வம் தாங்காமல் அடுத்த பகுதிகளையும் பார்த்துவிட்டேன். சட்டத்தை மீறியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

படிவத்தைப் பற்றி. உன் விருப்பம். உனக்கு அங்கே வேலை பிடித்திருக்கிறது, மரியாதை இருக்கிறது. நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

கை தவறுவது எனக்கும் வரும். உன் பக்கத்தில் நானும் போய்ப் பார்த்தேன். நீ எப்போதிலிருந்து குத்துச்சண்டை பார்க்கிறாய்? போன வாரம் மட்டும் பதினொரு போட்டி. எலி செத்துக் கிடந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் நீ. அதுவும் நீ டியூட்டியில் இருக்கிற நேரத்தில், போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவோம் என்று நீயே எழுதிய நேரத்தில். நான் ஏதாவது கேட்டேனா? இப்போது கேட்கிறேன். யாருக்கு அந்தக் குத்துச்சண்டை?

பல்லுக்காரன்


மார்ச் 21

இந்தக் கணக்கை நடத்துகிறவருக்கு,

குத்துச்சண்டை என் அறைத்தோழிக்கு. கிச்சனில் காய் நறுக்குகிற பெண். போன் இல்லை, ஒரு பழைய டேப்லெட் வைத்திருக்கிறாள். அதில் நம் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தேன். ஒருவன் விழுந்தால் கட்டிலில் ஏறி நின்று கத்துவாள். வேண்டுமானால் அவளையே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். என் பதில் முடிந்தது.

உங்கள் பதில்தான் எனக்கு உதைக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தீர்களா? லேபிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் நாற்பது நிமிஷம். பத்து வருஷமாக டப்பாவில்தான் கொண்டு போகிறீர்கள். நான்தானே கட்டிக் கொடுத்தேன்? பதினோரு மணிக்கு என்ன மதியச் சாப்பாடு?

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் கத்திகளையும் இடுக்கிகளையும் கழுவி, துணியில் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்டி ஆவிப்பெட்டிக்குள் அனுப்புவோம். சூடு பட்டதும் டேப்பில் கறுப்புக் கோடு விழும். புதிதாக வந்த பெண்கள் கோட்டைப் பார்த்ததும் ஆயிற்று என்று அடுக்கிவிடுவார்கள். நான் திட்டுவேன். கோடு வெளியேதான், கட்டுக்குள்ளே ஆவி போயிற்றா என்று அதற்குத் தெரியாது. அதனால் கட்டுக்குள்ளேயும் ஒரு பட்டை வைப்போம். அது மாறியிருந்தால்தான் நம்புவேன். உங்கள் டிக்கும் அப்படித்தான், வெளியே இருக்கிறது.

ஆகவே நான் உள்ளே பார்த்தேன். ஒரு வாரத்தில் நாற்பத்தொரு படம் திறந்திருக்கிறீர்கள். ஆறு நிமிஷம், நாலு நிமிஷம், ஒன்பது நிமிஷம். கடலுக்கடியில் மீன், கொலை, காதல், ஒருவன் ரொட்டி சுடுகிறான், குழந்தைகள் பார்க்கிற பூனை கார்ட்டூன். ஒன்றுகூட முடியவில்லை. இது ஒரு மனுஷன் பார்த்த பட்டியல் இல்லை. ஒருத்தி ஒன்றைக் கேட்கிறாள், பிடிக்கவில்லை என்று அடுத்ததைக் கேட்கிறாள், நீங்கள் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பூனை கார்ட்டூனை வைத்து அவளுக்குக் குழந்தை இருக்கிறது என்றும் முடிவு கட்டிவிட்டேன்.

"உன் விருப்பம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வா என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறவர்தான் அப்படி எழுதுவார். ஆறாம் பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். படிவம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. பேனாவும்.

மேற்பார்வையாளர்


மார்ச் 30

உனக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் உன்னை ஒரு விஷயத்தில் பிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எப்படிப் பிடித்தேன், பிடித்த பிறகு என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் செவ்வாய்க்கிழமை. வீட்டில் யாரும் இல்லை. டிவிதான் இருந்தது. காலையில் கிளம்பும்போது ஏதாவது ஒரு தொடரைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறேன். தினமும். அன்றைக்கு நம்முடையது. அது ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தானாக ஓட்டும், டிக் போட்டுக்கொள்ளும். சாயங்காலம் வந்து கதவைத் திறக்கும்போது வீடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு உள்ளே போகப் பிடிக்கவில்லை. தையல்காரம்மாகூட ஒருநாள் மறித்துக்கொண்டு கேட்டார். "ஏம்ப்பா, வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்களா? பகல் முழுக்கப் பேச்சுச் சத்தம். ஒரு அம்மா அழுவுறாங்க. மனசு கேக்கல, கதவத் தட்டிப் பாத்தேன்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

சில நாள் நான் வருவதற்குள் அது நின்றிருக்கும். திரையில் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி மட்டும் இருக்கும். நாள் முழுக்க என்னை விசாரித்த ஒரே ஆள் அதுதான். டிவியின் முதுகில் கை வைத்தால் சுடும். யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலி மாதிரி.

அந்த நாற்பத்தொன்று. அது எல்லாமே நான் ஒருவன்தான். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கு உட்காருவேன். ஒன்றைத் திறப்பேன். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதற்குக் கீழே இதைவிட நல்லதாக ஒன்று இருக்குமோ என்று ஒரு சந்தேகம். மூடிவிட்டுக் கீழே போவேன். அங்கே இன்னும் ஐநூறு இருக்கிறது, எல்லாம் என்னைப் பார் என்னைப் பார் என்று தானாக ஆட ஆரம்பிக்கிறது. ஒன்பது மணிக்குத் தட்டு காய்ந்திருக்கும், நான் ஒன்றும் பார்த்திருக்கமாட்டேன். முன்பு வாரம் ஒரு படம் பார்த்துவிட்டு மாதம் முழுக்க அதைப் பற்றியே பேசுவோமே, அந்த ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்கக்கூட எனக்கு வக்கில்லாமல் போய்விட்டது. பூனை கார்ட்டூன் மட்டும் ஒன்பது நிமிஷம் பார்த்தேன். அந்தப் பூனை பரவாயில்லை.

இனி உன் விஷயம். குடைக் காட்சிக்குக் கண் கலங்கியது என்று எழுதினாய் இல்லையா? புதன்கிழமை போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ஐந்தாம் பகுதியை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிஷம். இரண்டு முறை கை ரிமோட்டுக்குப் போயிற்று, கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் இன்னொரு முறை பார்த்தேன்.

அதில் மழையே இல்லை. அந்தக் குடை அவள் கைக்கு வரவே இல்லை.

மாட்டினாயா என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பார்க்காத காட்சிக்குக் கண்ணீரா, இத்தனை நாளாக என்னை ஏமாற்றினாயா என்று உனக்குச் சுடச்சுட எழுதப் பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் மார்ச் மூன்றாம் தேதி நானே எழுதியது ஞாபகம் வந்தது. மனதைத் தொட்டது என்று எழுதினேன். நடிப்பு இயல்பு என்று வேறு.

இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு பகுதிக்கும் கதைச்சுருக்கம் எழுதி வைத்திருக்கிறான். இரண்டாம் பகுதியிலிருந்து நான் அதைப் படித்துத்தான் உனக்கு எழுதுகிறேன். அவனும் ஐந்தாம் பகுதியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நீயும் அதே கடைக்குத்தான் போனாயா?

நான்


ஏப்ரல் 8

உங்களுக்கு,

அதே கடைதான். மூன்றாம் பகுதியிலிருந்து.

கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ரொம்ப நேரம் வரவில்லை. மூன்று மாதமாக இரண்டு பேரும் பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதி, அதை ஒருவருக்கொருவர் பாராட்டியும் இருக்கிறோம். உங்கள் நாலாம் பகுதிக் கடிதத்தை நான் தோழியிடம் படித்துக்கூடக் காட்டினேன். "எவ்ளோ ரசிச்சுப் பாத்திருக்காரு!" என்றாள்.

என் கதை உங்களுடையதைவிடக் கேவலம். அறையில் நாலு பேர், நாலு பேர் காதிலும் ஏதோ ஒன்று. அப்புறம் பார்க்கலாம் என்று நான் சேர்த்து வைத்திருப்பது அறுநூற்றுப் பன்னிரண்டு. பாட்டு, சமையல், யோகா, தங்கை அனுப்புவது. ஒரு பாட்டைப் பல்லவி தாண்டிக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று தெரியவில்லை. எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் ஓட்டுகிறேன், அப்போதுதான் தீரும் என்று. போன மாதம் தங்கை அவள் குழந்தை முதல்முறை நடந்ததை அனுப்பினாள். ஒன்றரை நிமிஷம்தான். அதையும் அப்படித்தான் பார்த்தேன். குழந்தை ஓடுகிற மாதிரி இருந்தது. அடுத்ததற்குப் போய்விட்டேன். அதில் பாதி ஓடிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அன்றைக்கு நிஜமாகவே கண் கலங்கியது, அதை உங்களுக்கு எழுதவில்லை. குடைக்கு அழுததாக எழுதினேன்.

இப்போது நானும் பார்த்துவிட்டேன். தோழியின் டேப்லெட்டில், என் போனை அவளிடம் கொடுத்துவிட்டு. நேற்று, ஒரே மூச்சில். அதனால் எனக்கும் தெரியும்.

ஆனாலும் உங்களை நம்புவதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நாலு மாதம் நன்றாகப் பொய் எழுதிய கை அது. அந்தப் புண்ணியவான் இதற்குள் தன் தப்பைத் திருத்தி எழுதியிருப்பான், நீங்கள் அதையும் படித்திருப்பீர்கள். மழை இல்லை என்று சொல்வதற்கு இரண்டு முறை பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே கேள்வி. தொடரில் அந்த ஆள் குடையை எங்கே வைத்திருந்தான்? எந்தச் சுருக்கத்திலும் அது இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பதில் முப்பதாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். படிவம் தலையணைக்குக் கீழேயேதான் இருக்கிறது.

நான்


ஏப்ரல் 17

உனக்கு,

மேசைக்குக் கீழே. அவனுடைய வலது காலுக்குப் பக்கத்தில். அலமாரி நிறையக் குடை தொங்குகிறது, அவளுடையது மட்டும் அங்கே இல்லை. அவள் கேட்கும்போது அவன் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, காலால் அதை உள்ளே தள்ளுகிறான். செருப்பைக் கழற்றியிருக்கிறான், சத்தம் கேட்கக்கூடாது என்று. காலுறையில் பெருவிரலிடம் ஓட்டை. "இன்னும் வரலீங்க. அடுத்த வாரம் வந்து பாருங்களேன்" என்கிறான். குடையைக் கொடுத்துவிட்டால் அவள் ஏன் அடுத்த வாரம் வரப்போகிறாள்?

அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கதவிடம் நின்று ஒருமுறை மேசைக்குக் கீழே பார்த்துவிட்டு, "சரி, வரேன்" என்று சொல்லிப் போகிறாள். முதல் முறை பார்த்தபோது அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறைதான்.

போதுமா? சரி, நீ கேட்காததையும் சொல்கிறேன். இரண்டாம் பகுதியைப் பார்க்க முடியவில்லை என்று அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீ சட்டத்தைக் கலைத்துவிடுவாய், கடிதம் நின்றுவிடும், மறுபடி அந்த "ம்" போன்தான் என்று பயம். எதையாவது எழுதினால் உன்னிடமிருந்து ஒன்று வரும். அதற்காகத்தான் அந்தப் பொய்யெல்லாம். நானும் நாலு மாதமாகக் காலால் தள்ளிக்கொண்டேதான் இருந்தேன்.

இடிக்கிற பல் செட்டுக்கு நாங்கள் ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொல்வோம். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்தப் பெரியவருக்கு நிஜமாகவே எல்லா இடத்திலும் ஒட்டியது. அவரைக் கேலி செய்து உனக்கு எழுதியது தப்பு.

"உன் விருப்பம்" என்று எழுதியது பொய். கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. நீ இல்லாமல் எனக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. இதைச் சுற்றிவளைக்காமல் எழுது என்று நீ கேட்டு ஆறு வாரம் ஆகிறது.

நான்


ஏப்ரல் 25

பல்லுக்காரருக்கு,

காலுறை ஓட்டையை நான் கவனிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

படிவத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன், என்னாச்சு?" என்று ஆபீஸில் கேட்டார்கள். வீட்டில் ஒரு தொடர் பாதியில் நிற்கிறது என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பாஸ்வேர்டைத் தோழிக்கே விட்டுவிட்டு வருகிறேன், குத்துச்சண்டை வந்தால் யாருக்கு என்று கேட்டுக் கடிதம் போடாதீர்கள்.

மே மாதம் நாலாம் தேதி மாலை வந்து சேருவேன். முதல் சனிக்கிழமை. ஆறாம் பகுதி அன்றைக்குத்தான், அதுவரை அதைத் தொடக்கூடாது. காலையில் கதவைப் பூட்டும்போது போட்டுவிட்டுப் போகவும் கூடாது. நான் வரும்வரை வீடு பேசாமல் இருக்கட்டும், உங்களால் முடியும். தையல்காரம்மாவுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன், பகலில் மேலே பேச்சுச் சத்தம் கேட்டால் குறித்து வைக்கச் சொல்லி.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நானே வந்துகொள்கிறேன். வந்ததும் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டது என்றால் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன்.

நான்